எரிந்த பட்டியலும் எஞ்சிய அட்டைகளும்

1919 அக்டோபர். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் கூட்டம். நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளை அந்த அமைப்பு ஆராய்ந்து முடித்திருந்தது. குறைந்தபட்சத் தரம் என்று அது வகுத்த விதிகளை நிறைவுசெய்தவை வெறும் 89. தேறாதவற்றுள் நாடறிந்த மருத்துவமனைகளும் இருந்தன. பட்டியல் பத்திரிகைக்காரர் கையில் சிக்கினால் என்னாகும் என்ற அச்சத்தில், நள்ளிரவில் அதை ஓட்டலின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள்.

மருத்துவ வரலாற்று நூல்கள் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகின்றன. எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. எந்தெந்த மருத்துவமனை தோற்றது என்பது சாம்பலோடு போயிற்று. அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவை தோற்றன என்பதைத் தேடலாம். விடைத்தாள்கள்தான் எரிந்தன, வினாத்தாள் பிழைத்திருக்கிறது.

அது ஒரே பக்கம், ஐந்து விதிகள். நான்காவது விதி நோயாளியைப் பற்றிய ஆவணம் குறித்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் என்னென்ன எழுதிவைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: யார், என்ன தொந்தரவு, முன்பு வந்த நோய்கள், உடற்பரிசோதனை, ஆய்வுக்கூட முடிவுகள், முதலில் கணித்த நோய், கொடுத்த சிகிச்சை, முடிவாகக் கணித்த நோய், வீட்டுக்கு அனுப்பியபோது இருந்த நிலை. இதோடு நின்றிருந்தால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் காணக்கூடிய கேஸ் ஷீட்தான் அது. ஆனால் அதற்குப் பிறகும் ஓர் இனம் வருகிறது. வீட்டுக்குப் போனவரைப் பின்தொடர்ந்து அவர் நிலையை அறிந்து எழுத வேண்டும்.

என் தேடல் அந்த வரியில்தான் தொடங்கியது. மற்ற எல்லாமே மருத்துவமனைச் சுவருக்குள் நடப்பவை. இது ஒன்று மட்டும், வாசலைத் தாண்டிப் போய்விட்ட மனிதரைத் தேடிப் போகச் சொல்கிறது. நோயாளி நலமாக இருக்கிறாரா என்று ஓராண்டு கழித்துக் கேட்பது இன்று நமக்கு இயல்பாகப் படலாம். அன்று அது யாருடைய வேலையும் இல்லை. அப்படியிருக்க, அதை விதியாக எழுதியவர் யார்?

விதிகளை உருவாக்கிய குழுவின் தொடக்க ஆவணங்களில் தலைவராக ஒரு பெயர் வருகிறது: எர்னஸ்ட் அமோரி காட்மன், பாஸ்டன். தோள் வலிக்காகப் பிசியோதெரபி செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கலாம். இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, ஊசல்போல் ஆட்டச் சொல்லும் அந்தப் பயிற்சி காட்மனுடையது. சர்க்கரை நோயாளிகள் பலரை வாட்டும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயரும் 1934-ல் அவர் வைத்ததுதான். தோள்மூட்டுக்கு மேலே ஓடும் தசைநாண் அறுந்துபோனதைத் தைத்துச் சரிசெய்த இரண்டு அறுவைகளைப் பற்றி 1911-லேயே கட்டுரை எழுதியவர். தோள்மூட்டைப் பற்றி அன்று அவரளவுக்கு அறிந்தவர் அதிகம் பேர் இல்லை. தன் புகழ்பெற்ற தோள் நூலின் முன்னுரையில் அவர் தன் வாழ்க்கையை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். அடுத்த தடயங்கள் அங்கே கிடைத்தன.

முதல் தடயம் மாணவப் பருவத்தது. 1890-களின் நடுவில் ஹார்வர்டில் படித்தபோது, அறுவையின்போது ஈதர் கொடுக்கும் பொறுப்பு மாணவர்களுடையது. காட்மனும் அவர் நண்பர் ஹார்வி குஷிங்கும் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்கள்: யார் நோயாளிக்குக் குறைந்த தீங்கோடு மயக்கம் கொடுப்பது என்று. வெற்றியைத் தீர்மானிக்க நாடித் துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். இன்று உலகமெங்கும் அறுவை அரங்கில் எழுதப்படும் மயக்க மருந்துப் பதிவுத் தாளின் தொடக்கம் அதுதான். குஷிங் பின்னாளில் மூளை அறுவையின் தந்தை எனப் புகழ்பெற்றார். காட்மன் அந்தத் தாளையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவர் தன் நோயாளிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டை எழுதினார். என்ன தொந்தரவோடு வந்தார், என்ன நோயென்று நினைத்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் நேர்ந்தது. அதன் கீழே ஓராண்டுக்குப் பின் நிலை. பலன் சரியில்லையென்றால் ஏன் என்று எழுத வேண்டும். இதற்கு 'இறுதி விளைவுத் திட்டம்' என்று அவர் பெயரிட்டார். 1910-ல் இங்கிலாந்துப் பயணத்தின்போது, ஒரு காசநோய் விடுதியைப் பார்த்துவிட்டுக் குதிரைவண்டியில் திரும்பும் வழியில், பிலடெல்பியாவின் அறுவை மருத்துவர் எட்வர்ட் மார்ட்டினிடம் இதை விளக்கினார். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பையே உருவாக்கும் எண்ணம் அந்த வண்டிப் பேச்சோடு பின்னிப் பிறந்தது. தரநிர்ணயக் குழுவுக்குக் காட்மன் தலைவரானார். வினாத்தாளில் அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெளிவாயிற்று.

ஆனால் ஒருவர் ஒரு யோசனையைச் சொன்னார் என்பது வேறு, அதைத் தன்மேல் பிரயோகித்துப் பார்த்தார் என்பது வேறு. 1911-ல் பாஸ்டன் பிங்க்னி தெருவில் காட்மன் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். அங்கிருந்து வெளியேறிய நோயாளிகளின் விவரங்களை ஆண்டறிக்கையாக அச்சிட்டு மற்ற மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். 1918-ல் எல்லாவற்றையும் தொகுத்து நூலாக்கினார். அந்த நூல் இன்று இணையத்தில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கிறது. மருத்துவ நூல்களில் இதைப்போல் இன்னொன்றை நான் படித்ததில்லை.

1911-க்கும் 1916-க்கும் இடையில் 337 நோயாளிகள். அவர்கள் சிகிச்சையில் 123 பிழைகள். கணக்கிட்டவர் காட்மன், பெரும்பாலும் பிழை செய்தவரும் அவரே. பிழைகளை அவர் வகைபிரித்த முறைதான் என்னை அசத்தியது. கைத்திறமை போதாததால் வந்தது, முடிவெடுக்கும் மதியில் நேர்ந்தது, கவனிப்போ கருவியோ குறைந்ததால் வந்தது, நோயைக் கணிக்கத் தவறியதால் வந்தது என்று நான்கு. இவற்றுக்கு வெளியே, எந்த வைத்தியத்துக்கும் அடங்காத நோய், சிகிச்சைக்கு நோயாளி சம்மதியாமை, யார் கையிலும் இல்லாத விபத்து என்று தனித்தனிக் குறிகள். பெரும்பாலான குறிகள் ஓர் ஆங்கில எழுத்து, அதையடுத்து இன்னோர் எழுத்து. பக்கங்களைப் புரட்டும்போது அந்த எழுத்துகள் அங்கங்கே தலைகாட்டுகின்றன. திறமைப் பிழையென்று தன் பெயருக்கு எதிரே தானே குறித்துக்கொண்ட இடங்களில், நடந்ததைப் பூசி மெழுகும் சொற்கள் இல்லை.

விபத்து என்ற கடைசிக் குறியின் கீழ் மிகச் சிலவற்றையே அவர் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். விதி விளையாடிவிட்டது, என்ன செய்ய என்று சொல்லித் தப்பிக்க எல்லாத் தொழிலிலும் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை அவர் ஏறக்குறைய அடைத்தே வைத்தார்.

இப்படிப்பட்டவரைச் சக மருத்துவர்கள் எப்படி நடத்தியிருப்பார்கள்? மாசசூசெட்ஸ் மருத்துவமனையில் பதவி உயர்வு மூப்பின்படிதான் நடந்தது. யார் கையால் எத்தனை பேர் நலமடைந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. 1914-ல் அவர் அதை எதிர்த்து விலகினார். விலகிய கையோடு, என் நோயாளிகளின் பலன்கள் மற்றவர்களுடையதைவிட மேல், ஆகவே என்னைத் தலைமை அறுவை மருத்துவராக்குங்கள் என்று விண்ணப்பித்தார். 1915 ஜனவரி 6 அன்று, மருத்துவமனைகளின் திறன் பற்றி அவரே கூட்டிய கூட்டத்தின் முடிவில், எட்டடி நீளக் கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். பாஸ்டனின் பணக்காரப் பகுதி, மணலில் தலையைப் புதைத்த தீக்கோழியாக நிற்கிறது. மருத்துவப் பேராசிரியர்களுக்காகப் பொன்முட்டை இடுகிறது. உண்மைப் பலன்கள் வெளியே தெரிந்தால் இந்த முட்டைகள் தொடர்ந்து கிடைக்குமா என்று ஹார்வர்டின் தலைவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் தலைமைப் பதவியும் ஹார்வர்டில் கற்பிக்கும் பொறுப்பும் காட்மன் கையைவிட்டுப் போயின. வருமானம் சரிந்தது. 1940-ல் அவர் இறந்தபோது கல்லறைக்குக் கல்கூட வைக்கப்படவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து அங்கே ஒரு கல் நாட்டியது 2014-ல்.

மூட்டிலிருந்து புற்றுநோய்க்குத் தடம் திரும்பும் இடம் இதற்கடுத்து வருகிறது. 1920-ல் காட்மன் எலும்புப் புற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார். அவ்வளவு அரிய நோயில் எந்த மருத்துவரும் தன் அனுபவத்தைக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. நாடெங்கும் உள்ள நேர்வுகளை ஒரே இடத்தில் சேர்த்தால்தான் யார் பிழைத்தார், எப்படிப் பிழைத்தார் என்று தெரியும். அவரோடு சேர்ந்து அதை நடத்திய இருவர் ஜேம்ஸ் யூயிங், ஜோசப் பிளட்குட். இரண்டாம் பெயர்தான் எனக்கு வழிகாட்டியது. பிளட்குட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் மாணவர். மார்பகம், மார்புத் தசை, அக்குளின் நிணக்கணுக்கள் எல்லாவற்றையும் ஒருசேர வெட்டி எடுக்கும் பெரும் அறுவையை நிலைநாட்டியவர் ஹால்ஸ்டெட்.

1894-ல் ஹால்ஸ்டெட் வெளியிட்ட கட்டுரையில் 50 பெண்கள். அறுவை நடந்த இடத்திலேயே புற்று திரும்பி வந்தது மூவருக்கு, அதாவது 6 விழுக்காடு. அன்றைய ஐரோப்பிய எண்களோடு ஒப்பிட்டால் வியக்கத்தக்க பலன். ஆனால் இந்த எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். தழும்பில் நோய் திரும்பியதா என்பதை எண்ணுகிறது. அந்தப் பெண் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது வேறொரு கேள்வி. 1907-ல் ஹால்ஸ்டெட்டே மூன்றாண்டு பின்தொடர்ந்து பார்த்தபோது, அக்குளுக்குப் புற்று பரவியிருந்தவர்களில் பெரும்பாலோர் எவ்வளவு அகலமாக வெட்டியும் மாண்டுபோனது தெரிந்தது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அதே அறுவை உலகை ஆண்டது. எத்தனையோ பெண்கள் கையைத் தூக்க முடியாமல், வீங்கிய கரத்தோடும் குழிவிழுந்த மார்போடும் வாழ்ந்தார்கள்.

நடுவில் ஒரு பெண் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார். பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகத்துக்காக ஜேனட் லேன்-கிளேப்பன் 1926-ல் எழுதிய அறிக்கை, மார்பகப் புற்று வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் எதிரெதிரே நிறுத்தி, திருமண வயது, பிள்ளைப்பேறு, பாலூட்டல் எல்லாவற்றையும் விசாரித்தது. நோயாளிக்கு ஒப்பான, அந்நோய் இல்லாதவரைத் தேர்ந்து ஒப்பிடும் அந்த முறை இன்று மருத்துவ ஆய்வின் அடிப்படை. 1928-ல் அவர் எழுதிய அடுத்த அறிக்கை அறுவை முடிந்த பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நோய் எந்தக் கட்டத்தில் இருந்தபோது கத்தி வைத்தார்கள் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டியது. 1929-ல் அவர் அமைச்சகத்தின் உயரதிகாரி ஒருவரை மணந்தார். திருமணமான பெண்கள் அரசுப் பணியில் தொடரக்கூடாது என்ற காலம். ஆய்வுலகில் அவர் தடம் அங்கே நின்றுவிடுகிறது. அவரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தமே.

பெரும் அறுவையின் ஆட்சியை முடித்தவை பிட்ஸ்பர்கின் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வுகள். 1976-ல் தொடங்கிய பி-06 என்ற ஆய்வில் 2,163 பெண்கள் சேர்ந்தார்கள். மார்பகத்தை முழுதும் எடுப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுப்பது என்ற மூன்றில் ஒன்று குலுக்கல் முறையில் அவர்களுக்கு அமைந்தது. உயிர் வாழும் காலத்தில் மூன்றுக்கும் வேறுபாடில்லை என்று 1985-ல் முடிவு வந்தது. லட்சக்கணக்கான பெண்கள் மார்பகத்தை இழக்காமல் தப்பியது இந்தத் தாள்களின் பலத்தில்.

அந்தத் தாள்களில் ஒன்று பொய் சொன்னது. பொது ஆவணங்களில் நான் இதுவரை பின்தொடர்ந்த துப்பறிதல்களில் இதைவிடக் கூர்மையானது இல்லை. 1990 ஜூன். பிட்ஸ்பர்க் தரவு அலுவலகத்தில் ஒரே நோயாளியின் அறுவை அறிக்கை இரண்டு பிரதிகளாக வந்து கிடந்தது. வரிக்கு வரி ஒன்றே. அறுவை நடந்த தேதி மட்டும் வேறு. அனுப்பியது கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள செயின்ட் லூக் மருத்துவமனை. தொடர்ந்து தோண்டியபோது, அங்கே ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் இருந்ததும், ஒன்றில் 'உண்மை' என்றும் மற்றொன்றில் 'பொய்' என்றும் எழுதியிருந்ததும் வெளிவந்தது. அந்த மருத்துவமனையின் ரோஜர் புவாசோன், ஃபிஷர் குழுவின் பல ஆய்வுகளில் சேர்த்த 1,511 பேரில் 99 பேரின் விவரங்களை 115 இடங்களில் மாற்றியிருந்தார் என்று அமெரிக்க அரசின் விசாரணை முடிவுசெய்தது. பெரும்பாலும் ஆய்வில் சேரத் தகுதியில்லாதவரைத் தகுதியுள்ளவராக்கும் மாற்றங்கள். நாள் கடந்துவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுவது அதில் ஒரு வகை.

விதிகள் அளவுக்கு மீறி நுணுக்கமானவை, என் நோயாளிகளுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கத்தான் செய்தேன் என்பது புவாசோனின் விளக்கம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அவர் அனுப்பிய பெண்கள் சிறு தொகையல்ல. பி-06 ஆய்வில் மட்டும் 354 பேர் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், ஆறில் ஒருவர். ஒரு தேதியைத் தொட்டவர் வேறெதைத் தொடவில்லை என்று அந்தப் பெண்களுக்கு யார் உறுதி சொல்வது?

இதைவிட எனக்கு ஆற்றாமை தருவது அடுத்த நான்கு ஆண்டுகள். 1990-ல் தெரிந்த விஷயம் 1991-ல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போனது, 1993-ல் அரசிதழில் சிறு அறிவிப்பாக வந்தது. மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்கள் இதை அறிந்தது 1994 மார்ச்சில், சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் ஜான் குரூட்சன் எழுதிய செய்தியைப் படித்து. என் சிகிச்சை பொய்யின் மேல் நின்றதா என்று அவர்கள் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, பலருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஃபிஷர் பதவியிழந்தார், பின்னாளில் அவர்மேல் குற்றமில்லையென்று ஆகி, 1997-ல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது.

செயின்ட் லூக் பெண்கள் அனைவரையும் விலக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டார்கள். மற்ற மருத்துவமனைகளின் மூலக் கோப்புகளையும் ஆட்கள் போய்ச் சரிபார்த்தார்கள். 1995-ல் வந்த பன்னிரண்டாண்டு முடிவு அசையவில்லை. 2002-ல் 1,851 பெண்களைக்கொண்டு வெளியான இருபதாண்டு முடிவும் அதையே சொன்னது: வாழ்நாளில் வேறுபாடில்லை, கட்டியை எடுத்த மார்பகத்திலேயே புற்று திரும்பியது, கதிர்வீச்சு பெற்றவரில் 14.3 விழுக்காட்டினருக்கும் பெறாதவரில் 39.2 விழுக்காட்டினருக்கும். மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனெசி 701 பெண்களிடம் தனியாக நடத்திய ஆய்வு ஏற்கெனவே அதே திசையில்தான் நின்றது. உண்மை தப்பியது, ஏனென்றால் இருபதாண்டுகள் கழித்தும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது.

இங்கிருந்து மறுபடி மூட்டுக்குத் திரும்புகிறேன். இடுப்பு மூட்டு மாற்றை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950-களின் இறுதியிலிருந்து டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். ஏறக்குறைய 300 பேர். தொடக்கத்தில் எல்லாரும் வலியின்றி நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்து, தேய்ந்த துகள்கள் எலும்பை அரித்தன. வீட்டுக்கு அனுப்பும்போது இருந்த நிலையை மட்டும் எழுதியிருந்தால் அது மாபெரும் வெற்றியாகவே பதிவாகியிருக்கும். சார்ன்லி தன் தொடையிலேயே டெஃப்லான் துண்டையும், புதிதாகக் கிடைத்த பாலிஎத்திலீன் துண்டையும் வைத்து, உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்தார். 1962-ல் புதிய கிண்ணத்துக்கு மாறிய பிறகும், பல ஆண்டுகள் மற்ற மருத்துவர்களுக்கு அதைத் தரவில்லை. இறந்தபின் மூட்டை மருத்துவமனைக்குத் தர இசைவு தெரிவிக்குமாறு நோயாளிகளைக் கேட்டார், பலர் இசைந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அந்த மூட்டுகளில்தான் தேய்மானத்தை நேராக அளந்து பார்க்க முடிந்தது.

சுவீடன் 1975-ல் முழங்காலுக்கும் 1979-ல் இடுப்புக்கும் நாடு தழுவிய பதிவேடு தொடங்கியது. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள எண் இருப்பதால், ஓரிடத்தில் பொருத்திய மூட்டை வேறொரு ஊரில் கழற்றினாலும் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். போனெலாக் என்ற எலும்புச் சிமெண்டில் மூட்டுகள் சீக்கிரமே தளர்ந்துபோவதை நார்வேயின் பதிவேடு 1990-களின் நடுவில் கண்டுபிடித்து விலக்கச் செய்தது. ஆனால் கழற்றினார்களா என்பது மட்டும் போதாது. கழற்றாத மூட்டோடும் வலியில் வாழ்பவர் உண்டு. அதனால் சுவீடன் 2002 முதல் நோயாளியிடமே கேட்கத் தொடங்கியது: வலி எப்படி, அன்றாடம் எப்படி, திருப்தியா என்று. அறுவைக்கு முன் ஒருமுறை, ஓராண்டு கழித்து ஒருமுறை. பாஸ்டன் அட்டையின் அதே ஓராண்டு.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். ஏஎஸ்ஆர் என்ற, உலோகத்தின்மேல் உலோகம் உராயும் இடுப்பு மூட்டு அளவுக்கு மீறித் தோற்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு 2007 முதலே சுட்டிக்காட்டியது. இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்தாண்டுக்குள் மறு அறுவை 12, 13 விழுக்காடு எனத் தெரியவந்ததும், 2010 ஆகஸ்டில் டிப்யூ நிறுவனம் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் பொருத்தப்பட்டவை ஏறக்குறைய 4,700. மத்திய அரசின் நிபுணர் குழு 2018-ல் அறிக்கை தந்தபோது, தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் 3,600-க்கும் மேல். இழப்பீடு தரச் சொல்லி ஆணை உண்டு. பெற்றுக்கொள்ள வேண்டியவர் யார், எங்கே என்று தெரியவில்லை. கோபால்டும் குரோமியமும் இரத்தத்தில் கசியும் ஒரு பொருளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் பெயர்கூட அறியாமல் அவர்கள் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இதை நம் ஊரின் வசதிக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதே நாட்டில், சென்னையில், 1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனம் நகரின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கோப்புகளைப் புரட்டுகிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு பெயர்களை ஒப்பிடுகிறார்கள். தகவல் இல்லாதவரை வீட்டு முகவரி தேடிப் போய் விசாரிக்கிறார்கள். சென்னையில் மார்பகப் புற்று வந்த பெண் ஐந்தாண்டு வாழும் வாய்ப்பு எவ்வளவு என்று நாம் இன்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது அந்த அலைச்சலால்தான். அதே சென்னையில் இடுப்பு மாற்றிக்கொண்டவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஏடு இல்லை. மூட்டு மருத்துவர் சங்கம் நடத்தும் பதிவேடு உண்டு. அது விருப்பமுள்ளவர் விவரம் அனுப்பும் ஏற்பாடு.

என் தேடல் இப்போது நிற்கும் இடத்தில் சாம்பல் இல்லை. செயற்கை மூட்டின் உறையோடு ஒட்டுத்தாள்கள் வருகின்றன: தயாரிப்பு, அளவு, தொகுதி எண். செவிலியர் அதை அறுவைக் குறிப்பில் ஒட்டுகிறார். பல இடங்களில் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டித் தருகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அடங்கும். பணம் கோரும்போது ஸ்டிக்கரும் விலைச்சீட்டும் அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரேயும் இணைப்பது காப்பீட்டு வழக்கம். அப்படியானால் காட்மனின் அட்டையில் முக்கால் பங்கு ஏற்கெனவே நிரம்பி, ஏதோ ஓர் அலுவலகக் கணினியில் கிடக்கிறது. நோயாளியின் தொலைபேசி எண்ணும் அங்கே இருக்கும். அறுவை நடந்த தேதியிலிருந்து ஓராண்டு எண்ணி ஒருவர் அழைத்து, நடக்க முடிகிறதா, வலி இருக்கிறதா, மூட்டை எங்காவது மாற்றினார்களா என்று மூன்று கேள்வி கேட்டுப் பதிலை அதே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோப்புகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குத் திறந்துதரும்படி கேட்கும் விண்ணப்பத்தை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசகர்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்று நடந்திருந்தால், இன்றே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால், தயாரிப்பின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுத்தில் தரும்படி மருத்துவமனையிடம் கேளுங்கள்.